புகையிலைக் காசும் புதுச்சேரிப் பங்கும்

இன்னைக்கு ஒரு கம்பெனிப் பங்கைப் பத்திப் பேசப் போறோம். அந்தப் பங்கை இப்போ எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. ஆனா ஒரு காலத்தில் பாரிஸ் நகரமே அதுக்குப் பின்னால் ஓடியது. அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் தலைமையிடம் எதுன்னு கேட்டீங்கன்னா, நம்ம புதுச்சேரிதான்.

இந்தத் தலைப்பை எடுத்ததுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பிய கேள்வி. ஓய்வு பெற்றவர், புதுச்சேரிக்காரர். அவருடைய புரோக்கரேஜ் ஆப்பில் ஒரு பங்கோட பக்கத்தைத் திறந்தால் தானா ஒரு அறிக்கை வரும். அதில் டிவிடெண்ட் வருவாய் 14 சதவீதம்னு போட்டிருந்தது. "அதிக டிவிடெண்ட் தரும் பங்கு"ன்னு பச்சை நிறத்தில் ஒரு வரி வேற. பேங்க்ல போட்டா பாதிகூடக் கிடைக்காதேன்னு வாங்கிட்டார். அடுத்த வருஷம் வந்தது ஒண்ணேகால் சதவீதம். அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தக் கம்பெனி தன்னோட நிலத்தை வித்து, அந்தப் பணத்தை ஒரே ஒரு தடவை சிறப்பு டிவிடெண்டாப் பிரிச்சுக் கொடுத்திருக்கு. மெஷின் அதையும் வழக்கமான டிவிடெண்டோட கூட்டி, விலையால வகுத்து, 14னு எழுதிடுச்சு. அவர் கேட்டது இதுதான்: "கணக்கு தப்பில்லைங்க, வகுத்துப் பார்த்தேன், சரியாத்தான் இருக்கு. அப்போ எது தப்பு?"

நல்ல கேள்வி. இதுக்குப் பதில் சொல்ல 300 வருஷம் பின்னால போகணும்.

1719 டிசம்பர் 30. பாரிஸில் பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் பங்குதாரர் கூட்டம். கம்பெனியை நடத்துறவர் ஜான் லா, ஸ்காட்லாந்துக்காரர். சூதாட்டக் கணக்கில் கெட்டிக்காரர், வங்கிக்காரர். சிறுவனா இருந்த பதினைந்தாம் லூயிக்காக ஆட்சியை நடத்திய ஓர்லெயான் கோமகனோட முழு நம்பிக்கையைப் பெற்றவர். 1717இல் மிசிசிப்பி ஆற்றங்கரை நிலங்களை வெச்சு ஒரு கம்பெனி தொடங்கினார். 1719 மே மாசம் பழைய கிழக்கிந்தியக் கம்பெனியையும் சீனக் கம்பெனியையும் அதோட இணைச்சார். அந்தப் பழைய கிழக்கிந்தியக் கம்பெனியோடதான் புதுச்சேரியும் போய்ச் சேர்ந்தது. ஃபிரான்சுவா மர்த்தேன் 1674இல் வந்து கட்டி எழுப்பிய ஊர், ஒரு கையெழுத்தில் பாரிஸ் பங்குச் சந்தையில் ஒரு காகிதத்தோட பகுதியா மாறிப்போச்சு.

அன்னைக்குக் கூட்டத்தில் லா அறிவித்தது: வர்ற வருஷம் பங்குக்கு 200 லிவர் டிவிடெண்ட். பங்கோட முகமதிப்பு 500 லிவர். 500க்கு 200னா 40 சதவீதம். கேட்டவங்களுக்குத் தலை சுத்தியிருக்கும். ஆனா அன்னைக்குச் சந்தையில் அந்தப் பங்கை 500க்கு யாரும் விக்கலை. விலை 10,000 லிவரை நெருங்கியிருந்தது. 10,000க்கு 200னா வெறும் 2 சதவீதம். எந்த எண்ணால வகுக்கிறீங்க என்பதைப் பொறுத்து ஒரே பங்கு தங்கச் சுரங்கமாவும் தெரியும், வட்டி குறைஞ்ச கடன் பத்திரமாவும் தெரியும். இரண்டு கணக்குமே சரி.

அந்த 2 சதவீதமாவது வியாபாரத்திலிருந்து வரப்போறதா? சுமார் 6 லட்சத்து 24 ஆயிரம் பங்குகள். தலா 200 லிவர்னா 12 கோடியே 48 லட்சம் லிவர் வேணும். கம்பெனி அரசனுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட 160 கோடி லிவர் கடனுக்கு 3 சதவீத வட்டி, அதாவது 4 கோடியே 80 லட்சம், நிச்சயமா வரும். வரி வசூல், நாணயச் சாலை, புகையிலை உரிமை இதெல்லாம் இன்னொரு பக்கம். லூசியானாவில் செல்வம் கொழிக்குதுன்னு பத்திரிகைகளில் எழுத வெச்சாங்க. புதுச்சேரி? அதுக்கு முந்தின வருஷங்களில் பழைய கம்பெனி கப்பல் அனுப்பவே வக்கில்லாம, தன் வியாபார உரிமையை சென்-மாலோ ஊர் வணிகர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. உள்ளூர் வியாபாரிகளுக்குக் கடன் பாக்கி. அந்த நிலைமையில் இருந்த ஊரும் 10,000 லிவர் பங்குக்குள்ள ஒரு துண்டா உட்கார்ந்திருந்தது. வாங்குறவருக்கு அது தெரிய வழியே இல்லை.

மீதி எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, வேகமாத் தாண்டிடறேன். 1720 மே 21இல் பங்கு விலையைப் படிப்படியா 5,000க்கு இறக்குறதா ஒரு அரசாணை வந்தது. ஒரு வாரத்துக்குள்ள அதை ரத்து செஞ்சும் பயனில்லை. நம்பிக்கை போனது போனதுதான். டிசம்பரில் லா நாட்டை விட்டே போயிட்டார். 1729இல் வெனிஸில் செத்தார். பொருளாதாரப் புத்தகங்கள் இதோட மிசிசிப்பிக் குமிழி முடிஞ்சதுன்னு கதையை மூடிடும். எனக்கு அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியமாப் படுது. நேயர் கேட்ட கேள்விக்கான பதில் குமிழியில் இல்லை, குமிழி வெடிச்ச பிறகு வந்த அமைதியான இருபது வருஷத்தில் இருக்கு.

1723இல் கம்பெனியைத் திரும்ப ஒழுங்கு பண்ணினாங்க. 56,000 பங்குகள். அரசன் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய கடனுக்கு ஈடா, நாடு முழுக்கப் புகையிலை விக்கிற ஏகபோக உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தான். பங்குக்கு வருஷம் 150 லிவர் டிவிடெண்டுன்னு நிர்ணயம் ஆச்சு. 56,000ஐ 150ஆல பெருக்கிப் பாருங்க. 84 லட்சம் லிவர்.

1730இல் கம்பெனி அந்தப் புகையிலை உரிமையை, அரசனோட வரிக் குத்தகைதாரர்களுக்கு உள்குத்தகைக்கு விட்டது. முதல் நாலு வருஷம் ஆண்டுக்கு 75 லட்சம் லிவர், அடுத்த நாலு வருஷம் 80 லட்சம். கம்பெனி ஒரு புகையிலை இலையைக்கூடத் தொட வேண்டாம். பணம் தானா வரும். இந்தப் பக்கம் 80 லட்சம் உள்ள வருது, அந்தப் பக்கம் 84 லட்சம் டிவிடெண்டா வெளிய போகுது. பங்குதாரருக்குப் போன டிவிடெண்டில் பெரும்பகுதி புகையிலைப் பணம். புதுச்சேரித் துணியில கிடைச்ச பணம் இல்லை.

இதை நம்ம ஊர் கணக்கில் சொல்றேன். புதுச்சேரியில் 'சொல்தா' குடும்பம்னா எல்லாருக்கும் தெரியும். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அவருக்கு மாசா மாசம் பிரான்ஸிலிருந்து பென்ஷன் வரும். அப்படி ஒரு வீட்டில் பையன் வாசல்ல ஒரு கடை போட்டிருக்கான்னு வெச்சுக்குங்க. கடையோட கல்லாவும் தாத்தாவோட பென்ஷனும் ஒரே பெட்டி. வருஷக் கடைசியில பெட்டியைத் திறந்து பார்த்தா நிறைய பணம் இருக்கும். "கடை நல்லா ஓடுது, பங்குக்கு வர்றீங்களா?"ன்னு கேட்டா நீங்க ஒத்துக்குவீங்க. பெட்டியில் இருக்கிற பணம் நிஜம்தான். ஆனா அது கடையோட பணமா, தாத்தாவோட பணமா என்பது பெட்டியைப் பார்த்தாத் தெரியாது. கடைக்குள்ள உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும்.

கம்பெனி வியாபாரம் மோசம்னு நான் சொல்ல வரலை. லெனுவார், துய்மா ஆளுநர்களா இருந்த அந்த 1730களில் புதுச்சேரி நல்லாவே வளர்ந்தது. சுத்து வட்டாரக் கிராமங்களில் நெய்த துணி, நீலச் சாயம் போட்ட துணி, கப்பல் கப்பலா லோரியான் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் நல்ல விலைக்குப் போனது. நல்ல வருஷங்கள் நிஜமாவே இருந்தது. பிரச்சினை என்னன்னா, நல்ல வருஷத்திலும் 150 லிவர், கப்பல் சரியா வராத வருஷத்திலும் 150 லிவர். பாரிஸில் உட்கார்ந்து அந்த எண்ணை மட்டும் பார்க்கிறவருக்குப் புதுச்சேரியில் மழை பெஞ்சுதா, பஞ்சமா, நெசவாளி ஊரைவிட்டுப் போயிட்டானா, எதுவுமே தெரியாது. அவர் தன் பங்கை இந்திய வியாபாரப் பங்குன்னு நினைச்சு வெச்சிருந்தார். உண்மையில அது பிரெஞ்சுக்காரங்க மூக்குப்பொடி போட்ட காசில் ஓடிய பங்கு.

இதுல தூரமும் ஒரு பெரிய விஷயம். புதுச்சேரியிலிருந்து பிரான்ஸுக்கு ஆறேழு மாசக் கடல் பயணம். ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஒன்றரை வருஷம் ஆயிடும். துணிக்கு முன்பணம் இந்த வருஷம் கொடுக்கணும். துணி வந்து, கோட்டையில் மாதிரித் துணியோட வெச்சுப் பார்த்துத் தரம் பிரிச்சு, தேறாததைத் தள்ளி, மூட்டை கட்டிக் கப்பலேத்த அடுத்த வருஷம். லோரியானில் ஏலம் போய்க் காசு கைக்கு வர அதுக்கும் மேல. "இந்த வருஷ லாபம்"னு ஒரு எண்ணை எழுதினா, அதில் செலவு ஒரு வருஷத்தோடது, வரவு இன்னொரு வருஷத்தோடது.

அதே நேரத்தில் புதுச்சேரியில் இன்னொரு வகையான பதிவும் நடந்துக்கிட்டு இருந்தது. 1736 செப்டம்பரிலிருந்து ஆனந்த ரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பைத் தமிழில் எழுத ஆரம்பிச்சார். வியாபாரி, பின்னாளில் துய்ப்ளேக்ஸோட தலைமைத் துபாஷி. எந்தக் கப்பல் எப்போ வந்தது, என்ன கொண்டு வந்தது, எந்த வியாபாரிக்கு எவ்வளவு பாக்கி, ஊரில் என்ன வதந்தி, எல்லாம் அதில் இருக்கு. நான் கவனிக்கச் சொல்றது ஒண்ணு: ஒரு செய்தியை எழுதும்போது அது யார் மூலமா வந்ததுன்னும் பெரும்பாலும் சேர்த்தே எழுதுவார். வதந்தின்னா வதந்தின்னு சொல்லிடுவார். சொன்னவரோட குணமும் பல இடத்தில் வந்துடும். படிக்கிறவரே எடை போட்டுக்கலாம். கம்பெனியோட நிஜ நிலைமையைத் தெரிஞ்சுக்க உலகத்திலேயே சிறந்த ஆவணம் ரங்கப்பிள்ளை வீட்டில் இருந்தது. பாரிஸ் பங்குதாரருக்கு அது எட்டவே இல்லை. 1846 வரைக்கும் அது வெளி உலகத்துக்கே தெரியாமக் கிடந்தது.

பாரிஸுக்குப் போனது ஆளுநர் எழுதின கடிதங்கள். துய்ப்ளேக்ஸ் 1742இல் ஆளுநர் ஆனார். அவர் ஆற்காடு, ஹைதராபாத் அரசியலில் இறங்கினதும் படைச் செலவு ஏறியது. நமக்குக் கிடைச்ச நிலங்களோட வரி வருமானம் அந்தச் செலவைத் தாங்கும், கம்பெனிக்குச் சுமை வராது என்பதுதான் அவர் மேலிடத்துக்குச் சொல்லி வந்த கணக்கு. வரி காகிதத்தில் இருந்தது, செலவு கையிலிருந்து போனது. 1754இல் கொதே என்கிற டைரக்டர் கப்பலில் வந்து இறங்கி, அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். பாரிஸ் திரும்பின துய்ப்ளேக்ஸ், கம்பெனிக்காக நான் என் சொந்தப் பணத்தில் பல லட்சம் லிவர் செலவழிச்சிருக்கேன், திருப்பிக் கொடுங்கன்னு வழக்குப் போட்டார். கம்பெனி மறுத்தது. 1763இல் வறுமையில் செத்தார். கடற்கரைச் சாலையில் கம்பீரமா நிக்கிற சிலையைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு வழக்கு நினைவுக்கு வராது. எனக்கு வரும்.

நடுவில் 1747இல் ஒரு மாற்றம். அரசன் புகையிலை உரிமையைத் தானே எடுத்துக்கிட்டு, கம்பெனிக்கு 18 கோடி லிவர் கடன்பட்டிருக்கேன்னு ஒப்புக்கொண்டு, அதுக்கு ஆண்டுக்கு 90 லட்சம் லிவர் கொடுக்க ஏற்பாடு பண்ணினான். இப்போ பென்ஷன்னு சொன்ன உவமைகூடத் தேவையில்லை. நிஜமாவே பென்ஷன் ஆயிடுச்சு.

1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் புதுச்சேரி விழுந்தது. ஊரை இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க. கம்பெனியோட முக்கியமான இந்தியச் சொத்து செங்கல் குவியலாப் போச்சு. ஆனா பங்கு அப்பவும் பாரிஸில் கைமாறிக்கிட்டுத்தான் இருந்தது. பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு 1765இல் ஊரைத் திரும்ப வாங்கி, இப்போ நாம் பார்க்கிற வடிவத்தில் கட்டத் தொடங்கிய ஆளுநர் ழான் லா தெ லொரிஸ்தோன். பேரில் இருக்கிற 'லா'வைப் பாருங்க. அந்த ஜான் லாவோட தம்பி மகன்தான் இவர். விமான நிலையம் இருக்கிற லாஸ்பேட்டை இவர் பேரால் வந்தது. பெரியப்பா கட்டின காகிதக் கோட்டை சரிஞ்சது பாரிஸில். தம்பி மகன் செங்கல் கோட்டை கட்ட வந்தது இங்கே.

1769இல்தான் ஒருத்தர் பெட்டிக்குள்ள கையை விட்டு, கடைக் காசையும் பென்ஷன் காசையும் பிரிச்சுக் காட்டினார். பேரு அபே மொர்லே. அரசாங்கத்துக்காகக் கம்பெனியோட கணக்கை அலசி ஒரு அறிக்கையை அச்சிட்டு வெளியிட்டார். அவர் வாதத்தோட சாரம்: துணியை வாங்கின விலையையும் வித்த விலையையும் மட்டும் பார்த்தா லாபம் மாதிரி தெரியும். கோட்டை, படை, கப்பல், போர் எல்லாச் செலவையும் சேர்த்தா இந்த வியாபாரம் பங்குதாரரோட மூலதனத்தைத்தான் தின்னுக்கிட்டு வந்திருக்கு. இதுக்குக் கம்பெனித் தரப்பில் பதில் எழுதினவர் வங்கிக்காரர் நெக்கர். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னாடி நிதி மந்திரியா இருந்த அதே நெக்கர்தான். போர்ச் செலவெல்லாம் அரசு செய்ய வேண்டிய செலவு, அதைக் கம்பெனி தலையில் கட்டி நஷ்டம்னு சொல்லக் கூடாதுன்னார். இன்னைக்குக் காலாண்டு முடிவு வரும்போது "ஒரு தடவை வந்த செலவுகளை நீக்கிப் பார்த்தால் லாபம்"னு கம்பெனிகள் சொல்றதைக் கேட்டிருப்பீங்க. அதே சண்டைதான். என்னைக் கேட்டா நெக்கர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கு. ஆனா திரும்பத் திரும்ப வந்த போரை ஒரு தடவை வந்த செலவுன்னு சொல்ல முடியாது.

1769 ஆகஸ்டில் கம்பெனியோட வணிக ஏகபோகத்தை நிறுத்திட்டாங்க. சொத்தும் கடனும் அரசன் கைக்குப் போனது. குமிழிக் காலத்தில் ஏமாந்தவங்களாவது பேராசைப்பட்டாங்கன்னு திட்டலாம். புகையிலைக் காலத்தில் பங்கு வெச்சிருந்தவங்க பலர் விதவைகள், குருமார், பிள்ளைக்குச் சீர் சேர்க்கிறவங்க மாதிரி நிலையான வருமானம் தேடினவங்க. நம்ம நேயர் மாதிரி.

சரி, இப்போ ஆப்புக்கு வருவோம். அந்தத் தானியங்கி அறிக்கை எப்படித் தயாராகுதுன்னு பார்த்தா விஷயம் புரியும். கம்பெனி தன் கணக்கைப் பங்குச் சந்தைக்கு மெஷின் படிக்கிற ஒரு படிவத்தில் அனுப்பும். தரவு விக்கிற நிறுவனங்கள் அதை உறிஞ்சி, வரிசைப்படுத்தி, புரோக்கரேஜ்களுக்கு விக்கும். புரோக்கரேஜோட மென்பொருள் அதில் லாபத்தைப் பங்கு எண்ணிக்கையால வகுக்கும், விலையை லாபத்தால வகுக்கும், டிவிடெண்டை விலையால வகுக்கும். பிறகு முன்கூட்டியே எழுதி வெச்ச வாக்கியங்களில் எண்ணைப் பொருத்தும். "கடன் குறைந்து வருகிறது", "துறைச் சராசரியை விட மலிவு" இப்படி. இந்தச் சங்கிலியில் ஆயிரக்கணக்கான பங்குகளுக்கு ஒரே நொடியில் அறிக்கை வரும். ஒரு ஆள்கூட அந்தக் கம்பெனி வாசலை மிதிச்சிருக்க மாட்டார்.

தப்பு எங்கே நுழையும்? நிலம் வித்த லாபம் வருஷ லாபத்தோட கலந்தா, பங்கு திடீர்னு மலிவாத் தெரியும். துணை நிறுவனங்களைச் சேர்க்காத தனிக் கணக்கை எடுத்துட்டா, பெரிய குழுமம் சின்னக் கடை மாதிரி தெரியும். ஒருத்தர் லட்சத்தில் எழுதி இன்னொருத்தர் கோடியில் படிச்சா சொல்லவே வேண்டாம். ரொம்ப சாதாரணமான, ஆனா ரொம்ப ஆபத்தான இடம் பங்குப் பிரிப்பு. 2015 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் தன் ஒரு பங்கை ஏழாப் பிரிச்சது. அசோசியேட்டட் பிரஸ் அப்போ காலாண்டு முடிவுச் செய்திகளை மென்பொருளை வெச்சு எழுத ஆரம்பிச்சிருந்தது. அந்த மென்பொருள், ஆண்டுத் தொடக்கத்திலிருந்து நெட்ஃபிளிக்ஸ் பங்கு 71 சதவீதம் விழுந்துடுச்சுன்னு எழுதிடுச்சு. உண்மையில் பங்கு இரண்டு மடங்குக்கும் மேல ஏறியிருந்தது. பிறகு திருத்தம் போட்டாங்க.

அதைவிட மோசம் 2008 செப்டம்பர் 8. யுனைடெட் ஏர்லைன்ஸ் 2002இல் திவாலானப்போ வந்த பழைய செய்தி ஒண்ணு, ஒரு நாளிதழோட இணையதளக் கிடங்கில் தேதி இல்லாமல் மேல வந்தது. கூகுளோட தேடு இயந்திரம் அதைப் புதுச் செய்தின்னு எடுத்துக்கிட்டது. அங்கிருந்து அது வியாபாரிகளோட திரைக்குப் போனது. 12 டாலர் இருந்த பங்கு கொஞ்ச நேரத்தில் 3 டாலருக்கு இறங்கியது. வர்த்தகத்தை நிறுத்தி, மறுப்பு வந்த பிறகு ஏறியது. ஆனா 3 டாலருக்கு வித்தவர் வித்தவர்தான்.

நம்ம நாட்டிலும் பார்த்தோம். 2025 அக்டோபர் 14, டாடா மோட்டார்ஸ் தன் லாரி, பஸ் வியாபாரத்தைத் தனிக் கம்பெனியாப் பிரிச்ச நாள். முந்தின நாள் 660 ரூபாய் சுமாருக்கு முடிஞ்ச பங்கு, 400 ரூபாயில் தொடங்கியது. மீதி மதிப்பு புதுக் கம்பெனியின் பங்கா அவங்க கணக்குக்குத் தனியா வரப்போகுது. யாருக்கும் நஷ்டமில்லை. ஆனா பல ஆப்புகளில் 40 சதவீதச் சரிவுன்னு சிவப்பா ஒளிர்ந்தது. விஷயம் தெரியாம அந்தச் சிவப்பை மட்டும் பார்க்கிறவர் மனசு என்ன பாடுபடும்?

எல்சிட் கதை இதுக்கு நேர் எதிர். 2024 அக்டோபர் 29, மும்பைப் பங்குச் சந்தை நடத்திய சிறப்பு ஏலத்துக்குப் பிறகு எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பங்கு 3 ரூபாய் 53 காசிலிருந்து 2,36,250 ரூபாய்க்குப் போனது. ஒரே நாளில் லட்சாதிபதின்னு தலைப்புகள். ஆனா அந்தக் கம்பெனி கையில் ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகள் பல ஆயிரம் கோடிக்கு முன்னாடியிருந்தே இருந்தது. 3 ரூபாய்க்கு யாரும் விக்கத் தயாரா இல்லாததால், அந்த விலை திரையில் மட்டும் உறைஞ்சு கிடந்தது. 3.53 என்பது தப்பான எண் இல்லை, கடைசியா நடந்த விற்பனை விலை. ஆனா அதை வெச்சு எந்த மெஷின் எந்த விகிதத்தைக் கணக்கிட்டாலும் அபத்தம்தான் வரும்.

இப்போ ஒரு கற்பனை. 1735இல் இந்த ஆப் இருந்திருந்தால், பிரெஞ்சு இந்தியக் கம்பெனிக்கு என்ன அறிக்கை எழுதியிருக்கும்? "12 ஆண்டுகளாகத் தொடர்ந்து ஒரே டிவிடெண்ட். வருமானம் சீரானது. ஆபத்து குறைவு." ஒவ்வொரு சொல்லும் உண்மை. புதுச்சேரிங்கிற சொல்லே அதில் வந்திருக்காது. 1744இல் இங்கிலாந்தோட போர் தொடங்கி, கப்பல்கள் பிடிபட ஆரம்பிச்ச பிறகு அந்த 150 லிவர் நிலைக்கலை. 1735ஆம் வருஷ அறிக்கையில் அதுக்கான ஒரு சிறு குறிப்புகூட இருந்திருக்க வழியில்லை. ஏன்னா மெஷின் பார்க்கிறது பெட்டியை. போர் நடக்கப்போறது கடையில்.

நம்ம நேயர் கேட்டதுக்கு என் பதில் இது. உங்க 14 சதவீதத்தில் வகுத்தல் தப்பில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வந்ததுன்னு யாரும் கேட்கலை, அதுதான் தப்பு. அதைக் கேட்கிற வேலை ஆய்வாளரோடது. அந்த ஆளை எடுத்துட்டு, அவர் எழுதுற மாதிரியே வாக்கியத்தை மட்டும் வெச்சிருக்காங்க. அதனாலதான் படிக்கிறவருக்கு ஒரு ஆள் பார்த்துச் சொன்ன மாதிரி நம்பிக்கை வருது.

2020 மார்ச்சில் இந்தியாவில் சுமார் 4 கோடி டீமாட் கணக்கு இருந்தது. 2024 ஆகஸ்டில் 17 கோடியைத் தாண்டிடுச்சு. இந்தப் புது ஆட்களில் எத்தனையோ பேருக்கு ஆப்பில் வர்ற பக்கம்தான் ஒரே அறிக்கை. 2024 டிசம்பரில் செபி தன் ஆராய்ச்சி ஆய்வாளர் விதிகளைத் திருத்தியது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினா, எந்த அளவுக்குன்னு வாடிக்கையாளரிடம் சொல்லணும், அதில் வர்ற தப்புக்கு முழுப் பொறுப்பும் ஆய்வாளருடையதுன்னு ஆச்சு. நல்லது. ஆனா ஆய்வாளர் கையெழுத்தே இல்லாம, "தகவலுக்காக மட்டும்"னு அடியில் பொடி எழுத்தில் போட்டு வர்ற பக்கங்களுக்கு என்ன பண்றது? பச்சை நிறத்தில் "மலிவு"ன்னு எழுதினா அது தகவலா, ஆலோசனையா? என் கருத்தில் அது ஆலோசனைதான். அப்படித்தான் அதை நடத்தணும்.

நடைமுறைக்கு ஒண்ணு சொல்றேன். ஆப்பில் ஒரு எண் கண்ணை உறுத்துற அளவுக்கு நல்லா இருந்தா, பங்குச் சந்தையோட இணையதளத்தில் கம்பெனி கொடுத்த மூல முடிவைத் திறங்க. லாப நஷ்டக் கணக்கில் 'இதர வருமானம்', 'விதிவிலக்கான இனங்கள்' என்கிற இரண்டு வரிகளைப் பாருங்க. புகையிலைக் காசு இருந்தா அங்கதான் இருக்கும். அப்புறம் வியாபாரத்திலிருந்து நிஜமா எவ்வளவு ரொக்கம் வந்ததுன்னு ரொக்க ஓட்ட அறிக்கையில் பாருங்க. டிவிடெண்ட் அறிவிப்பில் 'சிறப்பு' என்கிற சொல் இருக்கான்னு பாருங்க. பத்து நிமிஷ வேலை. தப்பான எண் கண்ணில் பட்டா திரைப்படம் எடுத்து வெச்சுக்கிட்டு முதலில் புரோக்கரேஜுக்கு எழுதுங்க. பதில் வரலைன்னா செபியோட ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போடலாம், செலவில்லை. நம்ம நேயர் எழுதியிருக்கார். அந்தப் பக்கத்தில் 14 இப்போ இல்லைன்னு சொன்னார். அவர் போட்ட பணம் இன்னும் அந்தப் பங்கில்தான் இருக்கு.

அடுத்த எபிசோடில் இதே புதுச்சேரியில் ஒரு தரகர். கம்பெனியோட தலைமைத் தரகரா இருந்து, 1716இல் கைதாகி, அடுத்த வருஷம் சிறையிலேயே செத்துப்போன நைனியப்ப பிள்ளை. தமிழில் சொன்ன சாட்சியம் பிரெஞ்சில் எழுதப்பட்டபோது என்ன ஆச்சுன்னு பார்ப்போம்.